டொக்கம்மா

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப் போனது. ஐந்து பேரும் இன்று யாரிடமும் கையேந்தாமல் நிற்கிறார்கள். படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான் என்றாலும் என் பெயரை நானே எழுதுவேன். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். டொச் மொழி மட்டும் எனக்குள் இறங்கவில்லை. ஜேர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. பஸ் ஏறவும் கடையில் சாமான் வாங்கவும் போதுமான அளவு இருக்கிறது. அதற்கு மேல் பேச்சு நீண்டால் ஒரு பிள்ளையைக் கூப்பிட வேண்டும். அது எனக்குப் பிடிக்கிற காரியம் இல்லை. ஐந்து பேருக்குப் பேசப் பழக்கியவள் ஒரு சின்னப்பிள்ளையின் வாயால் பேசுவதா?

இதில் நான் எழுதுவது இன்னொரு பெருமைக்காரியைப் பற்றி. அவருடைய பெயரை எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதும் இல்லை. பிள்ளைகள் வைத்த பெயர் டொக்கம்மா.

கெல்சென்கிர்ச்சனில் இருந்து வடக்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் கட்டடங்கள் முடிந்து வயல் தொடங்கும். அங்கே அவருக்கு ஒரு சின்னப் பண்ணை இருந்தது. முன்னால் செங்கல் வீடு. அதில் அவர் தனியாக இருந்தார். புருசன் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பின்னால் ஒரு காலத்தில் வேலையாட்கள் இருந்த சின்ன வீட்டையும் இரண்டு துண்டு நிலத்தையும் என் மூத்த மகன் வாடகைக்கு எடுத்தான். எங்கள் கடைகளுக்கு வெண்டியும் கத்தரியும் பச்சைமிளகாயும் விமானத்தில் வருகிறது, அதை இங்கேயே போட்டால் என்ன என்று அவனுக்கு ஒரு யோசனை.

மருமகள் கேட்டாள், "ஊரில தோட்டத்துக்குத் தண்ணி மாறச் சொன்னால் ஒளிச்சுப் போறவராம், மாமி சொன்னவ. இப்ப இஞ்ச வந்து தோட்டக்காரர் ஆகப் போறாரோ?"

"நீர் வாரும், வந்து பாரும்," என்றான் மகன்.

நானும் போனேன். என் மனுசன் அதற்கு முன்னமே இறந்துவிட்டார். பேத்தி கைக்குழந்தை.

முதல் நாள் மழை. சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு செருப்போடு சேற்றில் நின்றேன். ஆட்டுக்கொட்டிலில் இருந்து அவர் ஒரு வாளியோடு வந்தார். என்னைவிட ஒரு சாண் உயரம். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். உள்ளே போய் ஒரு சோடி ரப்பர் சப்பாத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பிறத்தியாருடைய சப்பாத்தில் நான் ஏன் கால் வைக்க வேண்டும்? "நைன்," என்றேன். வேண்டாம் என்பதற்கு அந்தச் சொல்லை நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

"டொக்," என்றார்.

அவ்வளவுதான். ஆணியின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு. பிறகு வாளியோடு போய்விட்டார். சப்பாத்து மழையில் நனைந்துகொண்டு என் முன்னால் நின்றது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காலை விட்டேன். அளவாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"அவ என்ன சொன்னவ?" என்று மகனிடம் கேட்டேன்.

"அதுக்குத் தமிழ் இல்லை அம்மா."

"தமிழ் இல்லாத சொல்லும் இருக்கோ?"

"பிடிவாதம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ."

அப்படியே வைத்துக்கொண்டேன். பத்து வருடம் அப்படியே வைத்திருந்தேன்.

அந்தப் பொருள் அவருக்குப் பொருந்தியும் இருந்தது. முதல் வசந்தத்தில் நாங்கள் நட்ட வெண்டிக் கன்றெல்லாம் குளிரில் கருகியது. "இந்த மண்ணில வராது," என்று மகன் கையைத் தட்டிக்கொண்டு எழும்பினான். அவருக்கும் கேட்கட்டும் என்று அதையே டொச்சிலும் சொன்னான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து "டொக்" என்று வந்தது. பின்னேரம் கைவண்டிலில் பழைய ஜன்னல்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாத்தியைச் சுற்றிப் பலகை அடித்து அந்தக் கண்ணாடிகளால் மேலே மூடினார். எங்களைக் கேட்கவும் இல்லை, எங்களுக்குச் சொல்லவும் இல்லை. ஆடி மாதம் வெண்டி பூத்தது. அந்த மஞ்சள் பூவைக் குனிந்து பார்த்துவிட்டு, மகனை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு வாயால் சொல்லவில்லை.

மிளகாய்க் கதை வேறு. காய்த்த முதல் மிளகாயைப் பிடுங்கிப் பாதியைக் கடித்துவிட்டார். முகம் பீற்றூட் மாதிரி ஆகிவிட்டது. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. மகன் பயந்துபோய், "உறைக்கவில்லையா?" என்று டொச்சில் கேட்டான். "டொக்," என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. மருமகள் ஓடிப்போய்த் தயிர் கொண்டுவந்தாள்.

இந்தக் கதையைக் கோயிலில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். "கண்ணால தண்ணி ஓடுது, மனுசி உறைக்கேல்லை எண்டு நிக்கிறா," என்று சொல்லுவேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு இப்போது எனக்கு நெஞ்சில் கிடக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காலை ஆறரைக்குத் தடியால் என் ஜன்னலைத் தட்டுவார். இரண்டு பேரும் ஆட்டுக்கொட்டிலுக்குப் போவோம். அவரிடம் இரண்டு ஆடுகளும் பதினைந்து கோழிகளும் இருந்தன. பால் கறப்பது நான். அவருடைய கை ஆட்டுக்கு முரடு. அதை அவர் ஒத்துக்கொள்ள ஒரு வருடம் எடுத்தது. பிறகு மகன் தன் வான் வண்டியில் மரக்கறிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு டோர்ட்மண்டுக்கோ டுசல்டோர்ஃபுக்கோ போவான். மருமகள் வேலைக்குப் போவாள். பேத்தி பள்ளிக்கூடம் போவாள். நானும் அவரும் மிஞ்சுவோம். பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் அவர் ஒரு பாத்தி, நான் ஒரு பாத்தி. அவர் டொச்சில் பேசுவார், நான் தமிழில் பேசுவேன். அவர் தன் புருசனைப் பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டும், சில இடத்தில் குரல் அப்படிப் போகும். நான் என் தங்கையைப் பற்றிச் சொல்லுவேன். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது என்பதால் இரண்டு பேரும் ஒளிக்காமல் சொன்னோம்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு முப்பது சொல் இருந்திருக்கும். அதில் எனக்குப் பிடித்தது ஐயர். டொச்சில் முட்டைகளுக்கு ஐயர் என்றுதான் சொல்லுவார்கள். முதல் தடவை அவர் வாசலில் நின்று "ஐயர்!" என்று கூப்பிட்டபோது, எந்தக் கோயில் ஐயர் இந்தச் சேற்றுக்குள் வந்தார் என்று நான் சேலையைச் சரி செய்துகொண்டு ஓடினேன். கையில் ஐந்து முட்டையோடு நின்றார். நான் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்றால் முட்டையைத் தூக்கிக் காட்டி "ஐயர்" என்பார்.

வெள்ளிக்கிழமைகளில் நான் முட்டை தொட மாட்டேன். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் வெள்ளிக்கிழமை என்றால் கட்டாயம் கொண்டுவருவார்.

"நைன். வெள்ளி."

"டொக்."

படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். சனிக்கிழமை காலை வரை அது படியிலேயே இருக்கும். பேத்தி கேட்பாள், "ஏன் அப்பம்மா நீங்க ரெண்டு பேரும் ஒவ்வொரு கிழமையும் இப்பிடிச் சண்டை பிடிக்கிறீங்க?"

"சண்டை இல்லையடி. அவ சொல்லோணும், நான் சொல்லோணும். இல்லாட்டி வெள்ளிக்கிழமை மாதிரி இருக்காது."

அப்படிப் பத்து வருடம் போனது. ஒரு காலை என் ஜன்னலில் தட்டல் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கொட்டிலில் வைக்கோல் மேல் விழுந்து கிடந்தார். ஒரு ஆடு பக்கத்தில் நின்று அவருடைய தலைமுடியை முகர்ந்துகொண்டு நின்றது. பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது தள்ளிக்கொண்டு நடக்கிற வண்டிலைப் பிடித்து நாலு அடி நடந்தார். சாப்பாடு விழுங்கினார். கண் பழைய மாதிரியே இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி நடக்கிறதுண்டாம், வாழ்நாள் முழுக்க அதிகம் சொன்ன சொல் நாக்கிலேயே தங்கிவிடுமாம் என்று டாக்டர் மகனிடம் சொன்னார். தேத்தண்ணி வேணுமா என்று கேட்டாலும் டொக். வேண்டாமா என்றாலும் டொக். மழை வருகிறதா, டொக். மகன் தலையில் கை வைத்தான்.

எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. எங்களுக்குள் எந்தக் காலத்தில் பேச்சு இருந்தது? இழுத்துச் சொன்னால் குளிர். இரண்டு தரம் குறுக்கிச் சொன்னால் கக்கூசுக்கு. ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னால் ஆட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மூக்கால் சொன்னால் கஞ்சியில் உப்பு இல்லை. எட்டு மாதம் நான் அவரைக் குளிப்பாட்டினேன், சீப்பால் தலை இழுத்தேன், ஊட்டினேன். எனக்கு அப்போது எழுபது. முதுகு நொந்தது, சொல்லவில்லை. அதற்குப் பெயர் தியாகம் என்று மருமகள் கோயிலில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் ஜன்னலைத் தட்டிய ஆளுடைய ஜன்னலை இப்போது நான் தட்டினேன். அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு தமையன் இருந்து இறந்துபோனார். அந்தத் தமையனின் மகன் தெற்கே தூரத்தில் இருந்தான். அவருடைய காரியங்களைப் பார்க்கிற பொறுப்பு அவனுக்குத்தான். கெட்டவன் இல்லை. மாதம் ஒரு தரம் அவ்வளவு தூரம் கார் ஓடி வருவான், வந்தால் கண்ணெல்லாம் சிவந்திருக்கும். அத்தையை இனி எங்கே வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுக்க, பராமரிப்புக் காப்புறுதியில் இருந்து ஒரு பெண்ணோடு வருவதாக நாள் குறித்து டெர்மின் சொல்லியிருந்தான். மகன் அன்றைக்கு மத்தியானம் வீட்டில் நிற்பதாக ஏற்பாடு. ஆனால் வான் டோர்ட்மண்டில் பழுதாகி நின்றுவிட்டது. ஃபோன் எடுத்தான்.

"அம்மா, அவை வந்தால் இருக்கச் சொல்லுங்கோ. நான் வந்து கதைக்கிறன்."

"ஏன் இருக்கச் சொல்லோணும்? எனக்கு வாய் இல்லையோ?"

"வாய் இருக்கம்மா. டொச் இல்லையே."

"நீ வானைப் பார். இதை நான் பாக்கிறன்."

அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். டொக்கம்மாவுக்கு நீலச் சட்டை போட்டு, தலை இழுத்து, மேசைக்கு முன்னால் இருத்தியிருந்தேன். அந்தப் பெண் ஒரு தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் டொக். பெண் எழுதினாள். தமையன் மகன் மெதுவாகக் கையை விரித்துக் காட்டினான்: எதைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவா. பிறகு இன்னொரு கேள்வி. அதற்கு டொக்கம்மா இடது கையால் மேசையில் அடித்தார். தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது. "டொக்!" என்றார். பெண் நிமிர்ந்து பார்த்தாள். தமையன் மகன் திரும்பவும் கையை விரித்தான். பெண் திரும்பவும் எழுதினாள். டொக்கம்மா என்னைப் பார்த்தார்.

பிறகு அவன் என்னிடம் திரும்பினான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்க வேண்டும் என்று கேட்டான். முழுக்க விளங்கியது. இவவை இனியும் பார்க்க உங்களால் ஏலாது தானே, என்று கேட்டான்.

என்னால் ஏலாதா? நிமிர்ந்தேன். "நைன்," என்றேன். போதாது என்று தலையையும் கையையும் ஆட்டி இன்னொரு தரம், "நைன்!"

இல்லை. ஏலும். நான் பார்ப்பேன். அதைத்தான் சொன்னேன்.

அவன் எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னான். கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண்ணும் என் தோளைத் தொட்டாள். டொக்கம்மா மட்டும் "டொக், டொக், டொக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று தரம் சொன்னால் என்ன என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன் அவர் அப்படிச் சொன்னதில்லை. களைத்துவிட்டார் என்று நினைத்தேன். முதுகைத் தடவிவிட்டேன்.

மகன் வந்ததும் சொன்னேன். "எல்லாம் கதைச்சாச்சு. என்னால ஏலும் எண்டு சொல்லிப்போட்டன். கையைப் பிடிச்சு நன்றி சொன்னவன்."

"கெட்டிக்காரி அம்மா நீங்க," என்று மகன் என் தலையைத் தொட்டான்.

ஜேர்மனிக்கு வந்த பிறகு அப்படி ஒரு பெருமையான நாள் எனக்கு இருந்ததில்லை. பின்னேரம் என் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன். இனிமேல் பொறுப்பு என்னுடையது என்றால் அங்கேயே படுக்க வேண்டும் தானே. டொக்கம்மா தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாக ஒரு டொக் சொன்னார். நான் கட்டிலில் அவருடைய புருசன் முன்பு படுத்த பக்கத்தில் போர்வையை விரித்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒரு வாகனம் வந்தது. வீட்டில் நானும் அவரும்தான். இரண்டு இளம்பெடியன்கள், மரியாதையானவர்கள். உடுப்பு வைக்க ஒரு பை வேண்டும் என்று கையால் காட்டினார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துச் சோதிப்பார்கள், முன்னரும் அப்படி நடந்ததுதான் என்று நினைத்தேன். பையை நானே அடுக்கினேன். கம்பளிச் சட்டையின் பொத்தானை நானே பூட்டினேன். அவர் தடுத்தார். இடது கையால் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார், "டொக்" என்று சொல்லிச் சொல்லி.

"குளிர் எல்லோ. பிடிவாதம் பிடியாதேங்கோ," என்று திரும்பவும் பூட்டினேன்.

வாகனத்தில் ஏற்றும்போது என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாக நான்தான் எடுத்துவிட்டேன். "போட்டு வாங்கோ. ரெண்டு நாள். ஆட்டை நான் பாக்கிறன்," என்றேன். கதவு மூடும் வரை அந்தச் சொல் கேட்டது. நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் மகனுக்கு ஃபோன் வந்தது. அவன் கேட்டுக்கொண்டே கதிரையில் இருந்துவிட்டான். டொக்கம்மாவை ஹைமில் சேர்த்தாயிற்று. வயது போனவர்களை வைத்துப் பார்க்கிற இடம். ஒரு இடம் காலியானதாம், தமையன் மகன் அங்கேயே நின்று பொறுப்பெடுத்தானாம்.

"அதெப்பிடி? நான் பாப்பன் எண்டு சொன்னனான் தானே!" என்று கத்தினேன்.

பதினொரு வயதுப் பேத்தி தன் கொப்பியை மூடிவிட்டு வந்தாள். "அப்பம்மா, அவர் உங்களிட்ட என்ன கேட்டவர்?"

"டொக்கம்மாவைப் பாக்க உங்களால ஏலாது தானே எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லை எண்டு. ரெண்டு தரம்."

"எப்பிடி? டொச்சில?"

"நைன் எண்டு. எனக்கு அது தெரியாதோ?"

பிள்ளை தகப்பனைப் பார்த்தாள். பிறகு என்னை. "அப்பம்மா, 'ஏலாது தானே' எண்டு கேக்கேக்க நைன் எண்டு சொன்னால், ஓம், ஏலாது எண்டுதான் அர்த்தம்."

"விசர்க்கதை கதையாதை. இல்லை எண்டால் இல்லை, ஏலும் எண்டுதானே?"

"தமிழில அப்பிடி. டொச்சில அப்பிடி இல்லை. இல்லை, ஏலும் எண்டு சொல்லுறதுக்கு அவைக்குத் தனியா ஒரு சொல் இருக்கு."

"என்ன சொல்?"

 மகன்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "டொக், அம்மா."

 வெளியே கோழிகள் கொட்டிலுக்குத் திரும்புகிற சத்தம் கேட்டது.

நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சப்பாத்து வேண்டாம் என்றேன். இல்லை, வேணும் என்றார். மண்ணில் வராது என்றான் மகன். இல்லை, வரும் என்றார். உறைக்கவில்லையா என்று கேட்டான். இல்லை, உறைக்குது என்றார், பாவம், கண்ணீர் விட்டு உள்ளதைச் சொன்னார். நான் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். மேசையில் அடித்தாரே, அந்தக் கேள்வி என்ன என்று மகன் தமையன் மகனிடம் கேட்டுச் சொன்னான். "இந்த வீட்டில் இருக்க உங்களுக்கு இனி விருப்பமில்லை, அப்படித்தானே?" என்று கேட்டார்களாம்.

மிஞ்சியிருந்த ஒரே சொல்லால் மிகச் சரியான பதிலைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அதையே சொல்லுகிறவர் என்பதால் அது கணக்கில் வரவில்லை. என்னுடைய பிழையான சொல்லைத்தான் அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். நான் நைன் என்று தலையை நிமிர்த்திச் சொன்னபோது, எனக்குப் பக்கத்தில் இருந்து அவர் மூன்று தரம் சொல்லிக் காட்டினாரே. அது எனக்குத்தான். நான் சொல்ல வேண்டிய சொல்லை எனக்கு எடுத்துக் கொடுத்தார். நான் முதுகைத் தடவினேன்.

மகன் சும்மா இருக்கவில்லை. தமையன் மகனுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினான். அவன் கடைசிவரை கேட்டானாம். பிறகு, "உங்கள் அம்மாவுக்கும் எழுபது வயது. எத்தனை நாளுக்கு?" என்று கேட்டானாம்.  இருந்தாலும் தமையன் மகன் ஒத்துக்கொண்டான். அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். இன்னொரு தரம் வந்து பார்க்க டெர்மின் கொடுத்தார்கள், ஆறு கிழமை கழித்து. அந்தக் கிழமைகளில் தட்டுவதற்கு ஒரு ஜன்னலும் இல்லாமல் நான் ஆறரைக்கு எழும்பினேன்.

மூன்றாம் கிழமை நான் தனியாகப் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். பேத்தி வாறன் என்றாள், வேண்டாம் என்றேன். ஒரு வசனம் மட்டும் சொல்லித் தா என்று கேட்டேன். நான் உங்களை அனுப்பவில்லை. டொச்சில் அது ஐந்து சொல். மா குழைக்கும்போது சொன்னேன், ஆடு கறக்கும்போது சொன்னேன். பேத்தி திருத்தித் திருத்திச் சரியென்று சொன்ன பிறகுதான் பஸ் ஏறினேன். பைக்குள் இரண்டு முட்டை அவித்து வைத்திருந்தேன், அவருடைய கோழி இட்டது.

தள்ளுகதிரையில் ஜன்னலுக்கு முன்னால் இருத்தியிருந்தார்கள். வெளியே கார் நிறுத்துகிற இடம். தலையை யாரோ பக்கவாட்டில் வகிடெடுத்து இழுத்திருந்தார்கள், அது அவருடைய வகிடு இல்லை. அதை முதலில் சரிசெய்தேன். பிறகு முட்டையைத் தூக்கிக் காட்டி "ஐயர்" என்றேன். அவருடைய முகத்தின் இடது பக்கம் சிரித்தது.

முட்டைக் கோதை உடைத்துக் கொடுத்தேன். பாதியைத் தின்றார். மற்றப் பாதியை என் வாய்க்கு நேரே நீட்டினார். அன்று வெள்ளிக்கிழமை.

"நைன்," என்றேன், பழக்கத்தில்.

"டொக்."

வாங்கித் தின்றேன். ஐந்து பிள்ளைக்கும் நேர்த்தி வைத்துக் காத்த வெள்ளிக்கிழமை. அது போகட்டும் என்றுதான் தோன்றியது. இனிச் சொல்லலாம் என்று ஒரு தைரியமும் வந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஐந்து சொல்லையும் ஒன்றும் விடாமல், ஒழுங்காகச் சொன்னேன்.

நான் உங்களை அனுப்பவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். முதல் நாள் என் கால்களைப் பார்த்த மாதிரி, நேராக. பிறகு சொன்னார்.

"டொக்."

இழுக்கவில்லை. குறுக்கவில்லை. மூக்கால் சொல்லவில்லை. என் கையையும் விடவில்லை.

ஐந்தாம் கிழமை போய்விட்டார். டெர்மினுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. பிறகு பண்ணை கைமாறியது. ஆட்டை யாரோ கொண்டு போனார்கள். நாங்கள் கெல்சென்கிர்ச்சனில் மூன்றாம் மாடிக்கு வந்து எட்டு வருடமாகிறது. ரப்பர் சப்பாத்து கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமையும் எனக்கு மற்ற நாள் மாதிரித்தான்.

அவருக்கு வேறு சொல் இல்லை, அதனால் சொன்னார் என்று மருமகள் சொல்கிறாள். மனதைப் போட்டு உழப்பாதேங்கோ மாமி என்கிறாள். இருக்கலாம். ஆனால் மேசையில் அடித்தபோதும் இதையேதான் எல்லாரும் சொன்னார்கள்.

பிள்ளை, உனக்கு இப்போது பத்தொன்பது வயது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை மறந்திருக்க மாட்டாய். என் எழுத்துக் கோணல், மெதுவாக வாசி. முதலில் இருந்து வாசி. முட்டை தின்ற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்து. அதற்குப் பிறகு வருகிற அவருடைய சொல்லைத் தமிழ் மாதிரி வாசிக்காதே. நீ டொச்சில் சொல்லுகிற மாதிரிச் சொல்லு. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.